பன்னிரண்டும் பதின்மூன்றும்

முஸம்மில் நானா கிண்ணியாவிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.
கச்சான் சுற்றிய பேப்பருக்குள்
உடைந்த போல்ட்டின் தலைப்பக்கம்.
"அரை இஞ்சி, தங்கச்சி.
இதே மாதிரி ஒண்டு தாங்க."

அரை இஞ்சி என்பது பருமன் மட்டும்தான் நானா.
ஆளின் உயரத்தைச் சொல்லி
ஆளைத் தேடச் சொல்கிறீர்கள்.

கிரீஸைத் துடைத்துக் கலிப்பரில் பிடித்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
மீதிப் பத்திலொன்றை உப்புத் தின்றிருக்கிறது.
சரி, அரை இஞ்சிதான்.
புரிச்சீப்பை விரித்தேன்:
ஒரு கொத்து இரும்பு இலைகள்,
இலைக்கு இலை வேறு பல்வரிசை.

பன்னிரண்டை வைத்து
வாசல் வெயிலுக்கு நேரே தூக்கினேன்.
முதல் இரண்டு பல் உட்கார்ந்தது.
மூன்றாவதில் மயிரளவு வெளிச்சம்.
ஆறாவது, முகட்டில் ஏறி நின்றுவிட்டது.

பதின்மூன்று:
இருட்டு.
பொட்டு வெளிச்சம் இல்லாத நல்ல இருட்டு.

"நட்டு எங்க வாங்கினீங்க?"
சீனன்குடாப் பக்கம் பழைய இரும்புக்காரனிடம்.
வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குழாயில் கழற்றியதாம்.

அது இஞ்சிக்குப் பன்னிரண்டு, ஐம்பத்தைந்து பாகை.
உங்கள் எஞ்சின் அமெரிக்கன்;
பதின்மூன்று, அறுபது பாகை.
ஊரின் பெயரைக் கொஞ்சம் பிசகி வாசித்தால்
திருகு கோணம் என்று வரும்.
வந்த படை ஒவ்வொன்றும் தன் கோணத்தை
இந்தத் துறையில் விட்டுவிட்டுத்தான் போனது.

கையால் இரண்டு மூன்று சுற்று போயிருக்கும்.
பிறகு இறுகியிருக்கும்.
நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து
ஸ்பானரில் பைப்பைச் செருகித் தொங்கியிருப்பீர்கள்.

"பக்கத்தில நிண்டு பாத்த மாதிரிச் சொல்றீங்க."

நாலு போல்ட், நாலு நட்டு எடுத்து வைத்தேன்.
உடைஞ்சது ஒண்டுதானே என்றார்.
ஒன்று உடைந்த கணத்தில்
அதன் பாரத்தை மற்ற மூன்றும் இழுத்திருக்கும் நானா.
கழுத்து நீண்டிருக்கும்.
நீண்டது வெளியே தெரியாது.
அவர் விலையைக் குறைக்கச் சொன்னார்.
வாஷரை மட்டும் சும்மா கொடுத்தேன்.

நான் கடை திறந்தபோது
"மறை கழண்டவள்" என்றார்கள் பஜாரில்.
எந்த மறை, இஞ்சிக்கு எத்தனை என்று கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை.

பின்னேரம் மழை. ஆள் இல்லை.
பால்மா டின்னைக் கவிழ்த்தேன்.
பெயர் தெரியாத ஒன்று அதில் கிடக்கிறது:
பித்தளை, இடப்புரி,
சுண்டுவிரலில் பாதி.
எந்தப் படகு, எந்தக் கடிகாரம், எந்த நாடு?
இரண்டு வருடமாகச் சீப்பின் எல்லா இலையும் வைத்துப் பார்த்தாயிற்று.

வாசலுக்குக் கொண்டுபோய்
மழைக்கு நேரே பிடித்தேன்.

இன்றைக்கும் கொஞ்சம் வெளிச்சம்.