இடக்கண்

தேவனாம்பட்டினத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து
நின்றதற்கு இது.
எங்கோ மேலேறி ஒட்டிக்கொண்டது லென்ஸ்.

மஞ்சக்குப்பம் அறைக்கு வந்து
ரசம் போன கண்ணாடியில் இமையைப் பிரித்தால்
சிவப்பு, சிவப்பு, ஒரு நரம்பு.
இத்தனூண்டு கண்ணுக்குள் இத்தனை மூலைமுடுக்கா.
பின்னால் போய் மூளையில் சிக்கிக்கொள்ளுமோ என்று
படித்த எனக்கே பயம்.
சொட்டு மருந்து காதுவரை ஓடியதுதான் மிச்சம்.
நகம் வேறு வளர்த்து வைத்திருக்கிறேன்,
அக்கா கல்யாணத்துக்கென்று.

மருந்துக்கடை சாத்தியாயிற்று.
கட்டிலின் அந்தப் பக்கம் ஹாஜிரா.
சிலிண்டர் காசுத் தகராறில்
ஒன்பது நாளாய் நாங்கள் பேசுவதில்லை.
பால் பாக்கெட்டிலும் அவரவர் பெயர்.

"ஏய்" என்றேன், பெயர் சொல்லாமல்.

சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள்.
கைப்பேசி விளக்கை நானே பிடிக்க
சந்தையில் தேங்காய் பார்ப்பதுபோல்
என் முகத்தைத் திருப்பினாள்.
"கீழ பாரு.
தரைய இல்ல, உன் மூக்க."

அவள் மூச்சில் மீன் குழம்பு.
பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தது,
எனக்கு வைக்காத குழம்பு.

மேலிமையை விரல் மெல்லத் தடவத் தடவ
மடிந்து, சுருண்டு
மூக்கோரம் வந்து நின்றது
நனைந்த வெங்காயத் தோல் போல.
விரல்நுனியில் ஏந்தி வெளிச்சத்தில் காட்டினாள்:
"இதுக்கா இவ்ளோ அழுத?"

நான் அழவில்லை, அது சொட்டு மருந்து
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

வலக்கண்ணில் இன்னொன்று இருக்கிறது.
அது தானாகவே வந்துவிடும்.
இருந்தாலும்
கொஞ்சநேரம் விளக்கை அணைக்காமல்
உட்கார்ந்திருந்தேன்.