அனுப்புநர்

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் ஆலை,
அதன் பின்னறை. ஜூன் மாதம்.
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
எடைமேடைக்கு வரிசையில்.
முதலாளி திருப்பதியில், போன் லாக்கரில்.

பதினொன்று பத்துக்கு ஒரு மின்னஞ்சல்.
அனுப்புநர்: முனிராஜப்பா.
டின் கம்பெனியின் புதிய கணக்குக்குப்
பதினெட்டு லட்சம், உடனே.

பெயர் சரி. முகவரியில்
ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.
அந்த வரியில் யாரும் எதையும் எழுதலாம்,
தபால் உறையின் மூலையில் எழுதுவதுபோல.

தலைப்புகளைத் திறந்தேன்.
கீழிருந்து மேலே படிக்க வேண்டும் இதை.
வழியில் ஒவ்வொரு சர்வரும்
முந்தைய முத்திரைக்கு மேல் தன்னுடையதைக் குத்தும்:
பெறப்பட்டது
பெறப்பட்டது
பெறப்பட்டது.
அடிவரியில் நான் கேள்விப்படாத ஒரு பெயர்.
சேராமல் திரும்பினால் போகவேண்டிய விலாசம்
வேறு யாருடையதோ.
கையொப்பச் சோதனை: தோல்வி.

ஆனால் திறக்கும் முன்பே தெரியும் எனக்கு.
முனிராஜப்பாவுக்கு டைப் அடிக்க வராது.
பதினாறு வருஷமாய் அவர் பெயரில் போகும்
எல்லாக் கடிதமும் நான் எழுதுவது.
துபாய்க்கு, பேங்குக்கு,
மகன் ஃபீஸுக்குத் தவணை கேட்டுக் கல்லூரிக்கு,
ஒருமுறை அவர் மனைவிக்கு மன்னிப்பு.
இதை நான் எழுதவில்லை.

பேங்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு,
சும்மாதான்,
அந்த மன்னிப்பின் நகலைத் தேடி எடுத்தேன்.
மேலே அவர் பெயர்.
அடிவரியில் இந்தப் பின்னறைக் கணினி,
இரவு எட்டு நாற்பது.
கையொப்பச் சோதனை: தேர்ச்சி.