மூன்று மெய்

ம், க், வ் என்று மூன்று மெய்
உயிர் ஏறாமல் முன்னால் நிற்கும்.
அதன் பிறகுதான் தெலாட்ஸே.
ஜார்ஜியாவிலிருந்து ஓராண்டுக் கடனில் வந்த பையன்,
பத்தொன்பது வயது, சட்டை எண் முப்பத்து நான்கு.
சுவாவ்கி மைதானத்தில்
அறிவிப்பு மைக் என்னுடையது.

முதல்முறை, எண்பத்தெட்டாம் நிமிடம்,
அவன் இறங்குவதைச் சொல்லப்போய்
நாக்கு சுளுக்கிக்கொண்டது.
கூட்டம் சிரித்தது. அவனும்தான் என்றான்
பந்து பொறுக்கும் சிறுவன். நான் நம்பவில்லை.

குளிர்காலம் முழுக்கப் பேருந்தில்,
பல் தேய்க்கையில், முட்டை வேகும்வரை
சொல்லிப் பழகினேன்.
டிசம்பரில் அவன் ஆடியது
மொத்தம் பதினொரு நிமிடம்.
ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டி,
"தோர்னிகே என்றால் போதும்" என்றான்
ஓட்டைப் போலந்து மொழியில்.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச்சில், முதல் பதினொருவரில் ஒருவன்.
பட்டியலை வாசித்தபோது
பாதி ஊர் வெளியே சூப் வரிசையில்.
நடுவில் நின்றான்.
வாங்கினான், திரும்பினான், கொடுத்தான்.
தோளுக்குப் பின்னே பார்த்துப் பார்த்துக்
கழுத்து ஓயவில்லை.
அட்டை இல்லை, மாற்று இல்லை,
எனக்கு வேலையும் இல்லை.

எழுபதாம் நிமிடம்
இரண்டு பேருக்கு நடுவே
ஊசி போகும் சந்தில் பந்தை விட்டான்.
ஓல்கியெர்ட் ஓரமாய் எடுத்துப்போய்த் தூக்கிக் கொடுக்க
இக்நாட்ஸி தலையால் முட்டினான்.

"இக்நாட்ஸி!" என்று கத்தினேன்.
குடும்பப் பெயரை ஊரே முழக்கியது, மூன்று முறை.

அவன் அந்தக் குவியலுக்குப் போகவில்லை.
நடுவட்டத்தில் குனிந்து
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.
மைக்கின் சிவப்பு விளக்கு அணையவில்லை.
என் வாயில் மூன்று மெய்,
தயாராய்.