மிதிச்சா கக்குதே

ஐப்பசியில் இந்த வேலை ஆகாதென்று
போன வருஷமே நோட்டில் எழுதியிருக்கிறேன்.
இருந்தும் கழனிவாசல் ஷெட்டில்
காலை ஏழரைக்கே டப்பாவைத் திறந்தோம்.

ஐசோசயனேட்டுக்குக் காற்றின் ஈரமே போதும்.
மூடி தளர்ந்த மறுகணம்
மழை விட்ட ரோட்டிலிருந்து ஏதோ உள்ளே வந்து
அதோடு பேச்சுக் கொடுத்துவிடும்.
கோப்பையைத் தொட்டால் சூடு.
முப்பது எண்ணுவதற்குள்
விளிம்பைத் தாண்டி எழுந்து
வெளிறிய பஞ்சாக நின்றுவிடும்.

தண்ணீரைக் கண்டால் பொங்கி இறுகுகிற ஒன்றைத்
தண்ணீர் குடிக்கப் பழக்குவது என் உத்தியோகம்.
சொந்தக்காரர்கள் கேட்டால்
மெத்தைக் கம்பெனியா என்கிறார்கள்.
ஒரே குடும்பம்தான், மறுக்கவில்லை.
மெத்தை நனையக் கூடாது.
இது நனையாவிட்டால் இதற்குப் பிழைப்பில்லை.

எடை போடுவது செந்தட்டி.
உலர்ந்து, இரண்டு கிராம் பத்து.
காய்ச்சி வடித்த நீர் அன்று தீர்ந்திருந்ததால்
சம்பை ஊற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம்.
முப்பத்தாறு கிராம்!
பதினேழு மடங்கு என்று கத்தினான்.
ஜெலட்டின் கரைத்த கொழகொழப்பில் ஒன்பதுதான் வந்தது.
அதைச் சின்ன எழுத்தில் எழுதினேன்.
உடம்பு கசியவிடுவது ஊற்றுத் தண்ணீரல்ல
என்று தெரியாமல் இல்லை.

பதினேழைப் பையில் போட்டுக்கொண்டு
தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன்.
கட்டு மாற்றும் அறையில் பவுலின் சிஸ்டர்
துண்டை உள்ளங்கையில் வைத்து
சலைன் ஊற்றினார்.
ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது.
நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.
அவர் அதைத் தரையில் போட்டு
செருப்புக் குதிகாலால் ஒரு மிதி.
மொசைக்கில் வட்டமாகத் தண்ணீர்.

"சர்க்கரைப் புண்ணுக்காரர் படுத்தா கிடக்கார்?
குடிக்குது சரி டாக்டர்,
மிதிச்சா கக்குதே."

நான் அந்த டாக்டர் இல்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.

வெளியே பெஞ்சில் ஒரு கண்டக்டர்,
திருப்பத்தூர் ரூட்டாம்,
ஒரு கால் செருப்பு மட்டும் இரண்டு சைஸ் பெரியது.
குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசளவு பள்ளம்.
வலிக்குதா என்றேன்.
"அந்தப் பக்கம் ஆளே இல்லைம்மா" என்றார்,
காலியான கடைசி சீட்டைச் சொல்வதுபோல.

திரும்பி வந்து குறுக்குப் பிணைப்பைக் கூட்டினோம்.
இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்
உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது.
உள்ளே போவதும் குறையும், அதுதான் கணக்கு.
பதினேழு பதினான்காச்சு,
பதினான்கு பதினொன்றாச்சு.
எண் ஏன் இறங்குகிறது என்று
சென்னையிலிருந்து மெயில்.
குதிகாலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.

எங்கள் அமுக்கக் கருவி செந்தட்டிதான்,
அறுபத்திரண்டு கிலோ, சாப்பிட்ட பின் அறுபத்துமூன்று.
ஷெட்டில் பதித்தது ஆத்தங்குடியில் கழித்த கற்கள்,
சொட்டு விழுந்தால் கறுத்துக் காட்டும்.
ஒவ்வொரு தொகுதிக்கும்
ஒற்றைக் காலில் ஏறி நிற்பான்.
இறங்கியதும் ஈரத்தின் ஓரத்தைச்
சாக்பீஸால் வளைத்துத் தேதி போடுவேன்.

தோற்ற பஞ்சுகளையும் எறிவதில்லை.
ஒழுகும் ஏசிக்குக் கீழே முப்பத்துமூன்றாம் தொகுதி,
பக்கெட்டை விட நன்றாக வேலை பார்க்கிறது.
முப்பத்தாறில் செந்தட்டியின் சம்சாரம்
மிளகாய் விதை ஊன்றியிருக்கிறாளாம்,
நான்கு நாள் தண்ணீர் காட்டவில்லை, நிற்கிறதாம்.
விண்ணப்பத்தில் 'பிற பயன்கள்' என்ற இடத்தில்
அதை எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

நேற்று நாற்பத்தொன்று.
ஏறி நின்றான், இறங்கினான்.
வட்டம் விழத்தான் செய்தது.
எலுமிச்சங்காய் அளவு.

தரையில் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கோடுகள்.
பெருக்க வருகிற பாண்டியம்மாள்
அதை மட்டும் விட்டுச்
சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார்.