எர்த் குழி

முதல் பெட்டிக்கு மேஜை மட்டும்தான் போயிற்று.
இரண்டாவதுக்குப் பீரோ
கூடத்துக்கு நகர்ந்து
இன்னும் கோபமாகத்தான் நிற்கிறது.
மூன்றாவது, நுங்கம்பாக்கத்தில் மூடிவிட்ட
ஒரு விளம்பர ஸ்டுடியோவிலிருந்து
ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து
ராயபுரம் வந்தது.
இருபத்திரண்டு கிலோ. மின்ட் வரும்போதே
கால் மரத்துவிட்டது.
கறுத்த குமிழ்கள், தேக்குச் சட்டம்,
உள்ளே காய்ந்த கரப்பான் ஒன்று,
எழுபத்தாறில் யாரோ பற்றவைத்த ஈயம்
நேற்று வைத்ததுபோல.

பெல்சியா சுற்றி வந்து பார்த்தாள்.
"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கு.
யாருக்குப் பேசப் போறே?"

விலையைச் சொன்னேன்.
அதாவது, பாதியை.
துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பவள்.
மீதிப் பாதியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு
தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்,
கொஞ்சம் சத்தமாக.

சித்திரையில் இதற்குச் சுருதி நிற்பதில்லை.
காலையில் ஸ வைத்துவிட்டுப் போனால்
மத்தியானம் அது ரி வீட்டு வாசலில் நிற்கும்.
ஏசி போட்டால் அடங்குகிறது.
ஏசி போட்டால் ஃப்யூஸும் போகிறது.
ஜன்னலைத் திறந்தால்
கடற்காற்று ஒவ்வொரு துளையாகப் பச்சை பூசுகிறது.
மூடிய அறையில், கழுத்தில் ஈரத் துண்டோடு
இருபத்தேழு வயர்களைச் செருகுகிறேன், பிடுங்குகிறேன்.
சேமிக்க இதில் பொத்தான் கிடையாது.
பிடுங்கினால் பிடுங்கியதுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ரீங்காரம்.
நான் வைக்காத சுரம்.
பக்கத்து வீட்டில் ஓயாமல் நடக்கும் வழக்குபோல.
ரிச்சி தெருவில் கண்டென்சர் வாங்கி மாற்றினேன்.
டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன்.
இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு
இருட்டில் வேர்த்துக்கொண்டு கேட்டேன்.
இருந்தது.
கடைசியில் வயர் கடை ஹயாத் பாய்
தலை நிமிராமல் கேட்டார்:
"எர்த் பாத்தீங்களா?"

மோட்டார் அறைக்குப் பின்னால், சிமென்ட் மூடிக்குக் கீழே
கரி, உப்பு, ஒரு துருப்பிடித்த குழாய்.
ஐந்து மாடிக்கும் அதுதான் தரை.
நாக்கு வறண்டு கிடந்தது.
இரண்டு குடம் ஊற்றினேன்.
மண் குடித்த சத்தம்
அந்த மாதத்தில் நான் கேட்டதிலேயே நல்ல பதிவு.
மைக் எடுத்து வரவில்லை.

கீழ்வீட்டு சகாயம் பல் விளக்கியபடி வந்தார்.
"செடியே இல்லாத இடத்துல ஊத்துறீங்க.
லாரித் தண்ணி சார் அது."
"மியூசிக்குக்கு" என்றேன்.
மறுநாள் அசோசியேஷன் நோட்டில் பார்த்தேன்:
மூன்றாம் மாடி, இசை வகைக்கு,
தண்ணீர் குடம் இரண்டு.

அன்று இரவு ரீங்காரம் இல்லை.
பதினொன்றரைக்கு மேல்
ஒன்று வந்தது. எப்படி என்று எழுதி வைக்கவில்லை.
காதுக்கு எட்டாத ஒரு மெதுவான அலை
உள்ளிருந்து ஒரு கதவைத் திறந்து திறந்து சாத்த,
அதன் வழியே நனைந்த துணி உதறுவதுபோல ஒரு குரல்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக.
பெல்சியா தூக்கக் கலக்கத்தில் வந்து நின்றாள்.
கொசுவத்தி ஒரு சுற்றுக் கரையும்வரை நின்றாள்.
"இதப் புடுங்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஒன்பது நாள் பிடுங்கவில்லை.
நகைக்கடை விளம்பரத்தை லேப்டாப்பிலேயே முடித்தேன்.
வயர்களுக்குக் கீழே குனிந்து
தூசி தட்டினோம்.
பத்தாம் நாள் கரண்ட் போய், வந்தது.
அதே வயர்கள், அதே குமிழ்கள்.
குரல் மட்டும் இறங்கியிருந்தது,
சளி பிடித்ததுபோல.
நான் திருகைத் தொடப் போனேன்.
"இரு, சூடாகட்டும்" என்றாள்.

அவள் கையில் இஞ்ச் டேப்.
சமையலறைச் சுவரில் ஒரு முனையை
என்னைப் பிடிக்கச் சொன்னாள்.
அரிசி டிரம்மை நகர்த்தினால்
நாலடி இருக்கிறது.