அரை மனது

சனிக்கிழமை. பாஷையூர்ப் பள்ளிக்கூடத்தில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறது இணக்க சபை.
கரும்பலகையில் நேற்றைய வரவு: இருபத்தேழு.

மேசையில் ஒரு தாள்,
கொப்பியிலிருந்து கிழித்தது.
டேமியனின் பதினைந்து குதிரைவலு இஞ்சின்
பொனிப்பாசுக்கு; விலை இன்னது, தவணை இன்னது.
ஜெசிந்தாவின் கையெழுத்து
முத்திரையைத் தாண்டி ஓடித்
திகதியில் முட்டி நிற்கிறது.
திகதியைப் பார்த்தேன்.
முப்பத்தோராம் நாளுக்கு மறுநாள்.
பந்தல் கால்கூடப் பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

கேட்டது உண்டு, ஒப்பியது உண்டு,
கைமாறிய காசும் உண்டு.
முப்பது வருடம் நொத்தாரிசு கந்தோரில்
உறுதிகளுக்குள் ஓட்டை தேடிய கண் எனக்கு.
இங்கே அதற்கு வேலை குறைவு.

இளைப்பாறிய தபாலதிபர் என் பக்கம் சாய்கிறார்:
"செத்தவீட்டுச் சூட்டோட எழுதினது
கோட்டில நிக்காது எண்டு ஒரு வெருட்டு விடுங்கோ,
பத்து நிமிசத்தில முடியும்."
நிற்குமோ நிற்காதோ, எனக்குத் தெரியாது.
தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னால்
பொனிப்பாஸ் பயந்து இறங்குவான்.
இறங்குவான் என்பதுதான் எனக்குப் பயம்.

தனியே கூப்பிட்டோம்,
தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே.
ஹெல்மெட்டை மடியில் உருட்டிக்கொண்டு
பொனிப்பாஸ் தானாகவே சொன்னான்:
"இஞ்சின்ர விலை எனக்குத் தெரியும், ஐயா.
அவ கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.
நாப்பது கூடப் போடுறன் எண்டு சொல்லுங்கோ.
நூறு வரைக்கும் ஏலும்.
அதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தனியே சொன்னது தனியேதான்.
அது நாங்கள் கொடுத்த வாக்கு.
"அவ கேட்டிருந்தால்?" என்று மட்டும் கேட்டேன்.
ஹெல்மெட் நின்றது. பிறகு உருண்டது.

உள்ளே ஜெசிந்தா
நாற்பதுக்குத் தலையாட்டத் தயாராக இருக்கிறா.
பேனை என் சட்டைப்பையில்.
நாக்கின் அடியில் அறுபதாயிரம் ரூபாய்,
துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.
"தங்கச்சி, இண்டைக்கு ஒப்பம் வைக்கவேணும் எண்டில்லை.
விலை தெரிஞ்ச ஆக்களிட்டை விசாரிச்சுப்போட்டு வாங்கோ.
அடுத்த சனி இருக்கு."
தபாலதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேனோ?
பஸ்ஸுக்குள்ளும் கேட்டுக்கொண்டு போனேன்.
இதையே அவனுக்கும் சொல்லியிருப்பேனா என்றால்,
சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த சனி பரீட்சை, பள்ளிக்கூடம் பூட்டு.
அதற்கடுத்த சனி மழை.
ஜெசிந்தா நனைந்து வந்து
பஸ் டிக்கெட் ஒன்றை விரித்தா.
குருநகர் இஞ்சின் திருத்துகிறவர்
பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த ஒரு தொகை.
பொனிப்பாஸ் அதை நெடுநேரம் பார்த்தான்.
பிழை என்று சொல்லவில்லை.

தொண்ணூறில் வந்து நின்றது.
தவணைகள் மூன்று. இஞ்சின் அவனோடு.
ஏன் நூறு இல்லை என்று
அவவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வழமைபோல எழுதினேன், உரக்க வாசித்தேன்:
"இரு தரப்பினரும் முழு மனதுடன்…"
ஜெசிந்தா கையை நீட்டி மறித்தா.
"முழு மனசு எண்டு எழுதாதேங்கோ, ஐயா.
அரை மனசுதான்.
ஆனா இந்த முறை என்ர."

ஒரு சொல்லை வெட்டினேன்.
வெட்டிய இடத்தில்
இருவரும் சிறு ஒப்பம் வைத்தார்கள்.