ஏலாது

பிரிக்கில் ஏறினோம், காலை ஆறு இருபது ரயில்.
நகுலா யன்னலோரம்.
மடியில் மிக்ரோஸ் பை: ஒரு துவாய், பிளாஸ்க்,
பிளாஸ்டிக் உறைக்குள் அகதி அட்டை.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கணக்கில் காசு,
அது கேள்வி கேட்பதற்கு அல்ல.

முதல் கிழமை விஸ்ப்பில் டொக்டர் இம்போடன்
கை கழுவியபடி சொன்னார்:
"சட்டம் நாடு முழுதுக்கும் ஒன்றுதான்.
இரண்டாவது கையெழுத்துப் போடத்தான்
இந்தக் கன்டோனில் ஆள் கிடைக்காது."
கெட்ட மனிசன் இல்லை.
ரயில் நேர அட்டையைத் தானே எடுத்து
பேர்னுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டுத் தந்தார்.

கோப்பன்ஸ்டைன் தாண்டியதும்
மலை எங்களை விழுங்கியது.
பதினான்கு கிலோமீட்டர் இருட்டு.
காது அடைத்தது.
"அக்கா, எந்த இடத்தில சட்டம் மாறும்?"

வாலிஸ் முடிந்து பேர்ன் தொடங்கும் கோடு
தலைக்கு மேலே எங்கோ பனிக்கட்டியில் ஓடுகிறது.
உள்ளே பலகை ஒன்றும் கிடையாது.
கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்கள்.
"இப்ப மாறியிருக்கும்" என்றேன்.
அவள் பிளாஸ்க் மூடியைத் திறந்தாள், மூடினாள்,
குடிக்கவில்லை.

போன மாதம்தான் மண்டபத்தில் கூட்டம்.
கொழும்பு எங்களை ஆள வேண்டாம் என்று
என் கணவர் பேசினார்.
சுவரில் இந்த நாட்டின் வரைபடம், இருபத்தாறு நிறம்.
"சமஷ்டி எண்டால் இதுதான், பாருங்கோ.
பள்ளத்தாக்கின் திறப்பு
பள்ளத்தாக்கின் இடுப்பிலேயே."
கை தட்டினேன், உள்ளங்கை சிவக்க.
அது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
தேத்தண்ணி பரிமாறியவர்களில்
நகுலாவும் நின்றாள்.

பேர்னில் வைத்தியர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
ஏன், என்றார்.
படிவத்துக்குக் காரணம் வேண்டும்:
வேறு வழியில் விலக்க முடியாத
பாரிய ஆபத்து.
கேள்வியைத் தமிழில் எடுத்து வைத்தேன்.
நகுலா அவருடைய பேனையையே பார்த்தாள்.
பிறகு ஒரு சொல்.

"ஏலாது."

முடியாது என்பதும் அதற்குள் உண்டு.
மாட்டேன் என்பதும், சற்றுத் தள்ளி.
காய்ச்சல்காரன் எழும்ப ஏலாது என்பான்,
பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது என்போம்,
ஒரே வாய், ஒரே சொல்.
ஜெர்மனில் அதை வைக்க
ஒரு தட்டும் அகப்படவில்லை எனக்கு.

நான்கு வாக்கியம் சொன்னேன்.
நித்திரையில்லை என்றேன்.
வவுனியா முகாம் என்றேன்.
கிணறு பற்றி, தண்டவாளம் பற்றி,
அவள் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன்.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
சத்தியம் செய்த வாய் இது.
அவர் எழுதினார். முத்திரை விழுந்தது.
நகுலாவுக்கு அப்போது ஜெர்மன் கொஞ்சம் விளங்கும்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
எவ்வளவு விளங்கியது என்று தெரியாது.

ஆறு வருடம் கழித்து ஜூன் ஞாயிறு.
பூசை முடித்து, வாக்குப் போட்டுவிட்டு,
பக்கத்து வீட்டு சுர்பிரிக்கன் அம்மா
ருபாப் கேக்கோடு வந்தார்.
"எங்கள் காரியம் எங்களுக்குத் தெரியும்.
பேர்ன் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்."
பேர்னை எடுத்துவிட்டுக் கொழும்பைப் போட்டேன்.
மண்டபத்து ஒலிவாங்கி இரைந்தது காதுக்குள்.
எனக்கு வாக்கில்லை.
கேக்கை வாங்கிக்கொண்டேன்.

மாலை வானொலியில்
நாடு ஆம் என்றது.
வாலிஸ் இல்லை என்றது.
அடுத்த வீட்டில் யன்னல் அடைபடும் சத்தம்.
சுரங்கத்துக்குள் இனி அந்தக் கோடு இல்லை என்று
தனியே, குசினிக்குள் நின்று, சந்தோசப்பட்டேன்.
அந்த அம்மாவின் கேக்
எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது.

நகுலாவைச் சில வேளை மிக்ரோஸில் காண்பேன்.
இப்போது இரண்டு பெடியன்கள்,
தள்ளுவண்டியில் தொங்கிச் சண்டை பிடிப்பார்கள்.
என்னைத் தெரியாதவள்போலக் கடந்து போவாள்.
நானும் லீக்ஸ் விலையைக்
குனிந்து வாசிப்பேன்,
அவள் காசு கட்டி முடிக்கும்வரை.